உள்பரிசோதனைன்னாலே வலி, அப்போ செர்விக்கல் ஸ்கிரீனிங் எப்படி? சிட்னியில நான் எடுத்த கதை

உள்ள ஒரு விரல் போனாலே உயிர் போற மாதிரி வலிக்கிறவங்க, அதனாலயே கர்ப்பப்பை வாய் புற்றுநோய் டெஸ்ட்டை தள்ளிப் போட்டுட்டே வர்றவங்க, உங்களுக்காகத்தான் இதை டைப் பண்றேன். எனக்கு வஜைனிஸ்மஸ் இருக்கு. எதாவது உள்ள வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே கீழ இருக்கிற தசை தானா இறுகி மூடிக்கும், நான் வேணும்னு இறுக்குறது இல்ல, கண்ணுகிட்ட தூசி வந்தா இமை மூடுமே அதே மாதிரிதான். அதனால "கொஞ்சம் லூசா விடும்மா"ன்னு யார் சொன்னாலும் எனக்கு கோபம்தான் வரும், விட முடிஞ்சா விட்டிருக்க மாட்டேனா.

கல்யாணமான புதுசுல சென்னையில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு குழந்தை விஷயமா போனப்போ டாக்டர் ஸ்பெகுலத்தை (வஜைனாவை விரிச்சு உள்ள பார்க்க விடுற கருவி) எடுத்தாங்க, எனக்கு முட்டி ரெண்டும் ஒட்டிக்கிச்சு, பக்கத்துல நின்ன சிஸ்டர் காலைப் பிடிச்சு விரிச்சு "இதுக்கே இப்படின்னா பிரசவத்துக்கு என்ன பண்ணப் போற"ன்னாங்க. அதோட சரி, அதுக்கப்புறம் பல வருஷம் நான் எந்த கைனகாலஜிஸ்ட் வாசலையும் மிதிக்கல.

இங்க சிட்னிக்கு வந்து பிஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) ஆகி, மெடிகேர்னு கவர்மென்ட் மருத்துவக் காப்பீடு கிடைச்சப்புறம் ஸ்கிரீனிங் பண்ணிக்கோங்கன்னு லெட்டர் வந்துச்சு. ஆஸ்திரேலியாவுல 25லேர்ந்து 74 வயசு வரைக்கும் கூப்பிடுவாங்க. 2017 டிசம்பர்ல பாப் ஸ்மியர்ங்கிற பழைய டெஸ்ட்டை எடுத்துட்டு ஹெச்பிவி (கர்ப்பப்பை வாய் புற்றுநோயை உண்டாக்குற வைரஸ்) டெஸ்ட் கொண்டு வந்துட்டாங்க, 5 வருஷத்துக்கு ஒரு தடவை போதும். பாப் ஸ்மியர்ல செல் மாறியிருக்கான்னு பார்ப்பாங்க, அந்த செல் கர்ப்பப்பை வாயில இருந்தே வரணும், அதனால ஸ்பெகுலம் இல்லாம முடியாது. ஹெச்பிவி டெஸ்ட்ல பார்க்கிறது வைரஸ் இருக்கான்னு மட்டும்தான், அது வஜைனாவுக்குள்ள எடுத்த சாம்பிள்லயே தெரிஞ்சுடும், கர்ப்பப்பை வாய் வரைக்கும் போகவே வேணாம். அப்போ அந்த சாம்பிளை நாமளே எடுக்கலாம் இல்ல? 2022 ஜூலை 1லேர்ந்து இங்க அந்த வயசுல இருக்கிற எல்லாருக்கும் அந்த சாய்ஸ் உண்டு, வைரஸைக் கண்டுபிடிக்கிறதுல டாக்டர் எடுக்கிறதுக்கு சமம்தான்னு சொல்றாங்க. இது தெரிஞ்சப்புறம்தான் நான் ஜிபிகிட்ட (நம்ம குடும்ப டாக்டர் மாதிரி) புக் பண்ணேன், லாங் அப்பாயின்ட்மென்ட்டா கேட்டு வாங்கினேன், எதுக்குன்னு புக் பண்ணும்போதே சொல்லிட்டேன், படுத்தப்புறம் சொல்ற விஷயம் இல்ல இது.

அங்க நர்ஸ் யாழ்ப்பாணத்து அக்கா. நான் பேச ஆரம்பிச்ச உடனே அழுதுட்டேன். "பயப்பிடாதேங்கோ, ஒருத்தரும் உங்களைத் தொடப் போறேல்ல, நீங்களே எடுக்கலாம்"னு சொல்லி ஒரு ட்யூப்பைக் கையில குடுத்தாங்க. உள்ள மெல்லிசா நீளமா ஒரு குச்சி, நுனி மெத்துன்னு இருக்கும், எதுவரைக்கும் விடணும்னு குச்சியிலயே அடையாளம் இருக்கு. திரைக்குப் பின்னாடி போய் நின்னுட்டு ட்ரை பண்ணேன், போகல. கட்டில்ல ஒருக்களிச்சு படுத்து முட்டியை மடக்கி, மூச்சை மெதுவா வெளிய விட்டுட்டே, லேசா கீழ்நோக்கி முக்குற மாதிரி பண்ணிட்டு விட்டேன், போயிடுச்சு. எரிச்சல் இருந்துச்சு, வலின்னு சொல்ல மாட்டேன். அரை நிமிஷம் மெதுவா சுத்திட்டு எடுத்து ட்யூப்ல போட்டு மூடியாச்சு. அக்கா வெளியில நின்னு யார்கிட்டயோ புட்டு ரெசிபி பேசிட்டு இருந்தாங்க, அவசரமே படுத்தல.

இத்தோட முடிஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும். ரிசல்ட்ல ஹெச்பிவி இருக்குன்னு வந்துச்சு. 16, 18 டைப் இல்ல, வேற டைப். கர்ப்பப்பை வாய் புற்றுநோய்ல சுமார் 70 சதவீதத்துக்கு காரணம் 16ம் 18ம்தான், அது வந்தா நேரா கால்போஸ்கோபிக்கு (கர்ப்பப்பை வாயை லென்ஸ் வச்சு பெருசாக்கிப் பார்க்கிறது) அனுப்புவாங்க. வேற டைப்னா திரும்ப வரச்சொல்லி டாக்டரே கர்ப்பப்பை வாயில இருந்து செல் எடுத்து பார்ப்பாங்க, ஏன்னா நாம எடுத்த சாம்பிள்ல செல் பார்க்க முடியாது. அதாவது எதுக்கு பயந்து இந்த வழியில வந்தேனோ அதே ஸ்பெகுலம்.

வீட்டுல வேற ஒரு டென்ஷன். "இது எப்படி வந்துச்சு"ன்னு அவர் கேட்டார், சந்தேகமா கேட்கல, ஆனா கேட்டார். இந்த வைரஸ் சத்தமே இல்லாம வருஷக்கணக்கா உடம்புல கிடக்கும், யார்கிட்டேர்ந்து எப்போ வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, முக்கால்வாசி பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே அதைத் துரத்திடும்னு ஜிபி அவரை உட்கார வச்சு சொன்னாங்க. இதை வச்சு பொண்டாட்டியையோ புருஷனையோ சந்தேகப்படுறவங்க தயவுசெஞ்சு இந்த பாராவை ரெண்டு தடவை படிங்க.

செல் எடுக்கிறதுக்கு, வலி இருக்கிறவங்களைப் பார்த்துப் பழகின ஒரு லேடி டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. முதல் நாள் பேசினது மட்டும்தான், டிரெஸ்ஸே கழட்டல. அடுத்த தடவை ட்ரை பண்ணப்போ தசை விடவே இல்ல, நான் "ஸ்டாப்"னு சொன்ன அடுத்த செகண்ட் கையை எடுத்துட்டாங்க, முகம் சுளிக்கல. பெல்விக் ஃப்ளோர் பிசியோகிட்ட (இடுப்பு அடித்தசைக்குப் பயிற்சி குடுக்கிறவங்க) போயிட்டு வாங்கன்னாங்க. அங்க மூச்சுப் பயிற்சி, டைலேட்டர் (தசையைப் பழக்க உள்ள விடுற வழவழப்பான குச்சி) எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, விரல் நுனி அளவுல ஆரம்பிச்சு ஒவ்வொரு சைஸா. ஜிபி பிளான் போட்டுக் குடுத்தா வருஷத்துக்கு 5 விசிட் வரைக்கும் மெடிகேர்ல கொஞ்சம் காசு திரும்ப வரும், கேட்டுப் பாருங்க.

அப்புறம் போனப்போ நடந்துடுச்சு. என்னென்ன உதவிச்சுன்னு சொல்றேன். இருக்கிறதுலயே ஒல்லியான ஸ்பெகுலம், பிளாஸ்டிக், அந்த ஸ்டீல் சில்லிப்பு இருக்காது. வாசல்ல மரத்துப்போற ஜெல் தடவி பத்து நிமிஷம் விட்டாங்க. காலைத் தூக்கி மாட்டுற ஸ்டிரப் வேணாம்னுட்டேன், குதிகாலை கட்டில்லயே ஊன்றிக்கிட்டேன், இடுப்புக்கு அடியில ஒரு டவலை சுருட்டி வச்சாங்க. எல்லாத்துக்கும் மேல, ஸ்பெகுலத்தை உள்ள விட்டது நான். என் கையாலயே, எப்போ நிறுத்தணும்னு நானே முடிவு பண்ணி. அது சரியா போய் உட்கார்ந்தப்புறம் டாக்டர் வாங்கி மெதுவா திறந்தாங்க, திறக்கும்போது கிளிக்னு ஒரு சத்தம் வரும் பயந்துடாதீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. சின்ன பிரஷ் மாதிரி ஒன்னு வச்சு சுத்தும்போது பீரியட்ஸ் வலி மாதிரி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். மறுநாள் லேசா ரத்தக்கறை பட்டுச்சு, அதையும் சொல்லியே அனுப்பியிருந்தாங்க. செல் நார்மல். 12 மாசம் கழிச்சு திரும்ப ஹெச்பிவி பார்க்கணும், அதை நானே எடுத்துக்கலாம், அப்போ வைரஸ் இல்லன்னா பழையபடி 5 வருஷத்துக்கு ஒரு தடவை.

ஒன்னு மட்டும். உறவுக்கு அப்புறம் ரத்தம் வருது, பீரியட்ஸ் இல்லாத நாள்ல வருது, மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் வருதுன்னா நாமளே எடுக்கிற சாம்பிள் பத்தாது, டாக்டர் பார்த்தே ஆகணும்.

திருச்சியில என் அக்கா கேட்டா, இங்க என்னடி பண்றதுன்னு. நம்ம ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில 30 வயசுக்கு மேல இலவசமா பார்க்கிறாங்க, நிறைய இடத்துல அசிட்டிக் ஆசிட் தடவி வெள்ளையா மாறுதான்னு கண்ணால பார்க்கிற டெஸ்ட், அதுக்கு ஸ்பெகுலம் வச்சே ஆகணும். உலக சுகாதார நிறுவனம் 2021லயே ஹெச்பிவி டெஸ்ட்தான் முதல் சாய்ஸ், சாம்பிளை பெண்களே எடுக்கலாம்னு சொல்லிடுச்சு. ஊர்ல பிரைவேட்ல ஹெச்பிவி டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு, காசு ஆகும், நாமளே சாம்பிள் எடுத்துக் குடுத்தா ஏத்துக்குவீங்களான்னு போன்லயே கேட்டுக்கோன்னு சொல்லியிருக்கேன். முடியாதுன்னா சின்ன சைஸ் இருக்கா, நானே விட்டுக்கலாமான்னு அடுத்த கேள்வி கேளு, அதுக்கு சிரிச்சாங்கன்னா செருப்பை மாட்டிட்டு வேற கிளினிக் பாருன்னேன். அவ கேட்பா, என்னை விட வாயாடி.