நாலு வழிச்சாலையில் கத்திரி வெயில்: நெல்லை நாட்குறிப்பு

ஏப்ரல் 16

டயரில் காத்து பார்க்க வேண்டிய நேரம் காலை ஆறரை, வண்டியை எடுப்பதற்கு முன்னால். டயர் 28 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும்போது 32 பிஎஸ்ஐ வைத்த கார், மத்தியானம் கயத்தாறு தாண்டும்போது 37 காட்டும். அது இயல்புதான், டயர் அந்த ஏற்றத்தைத் தாங்கும். "ஏறிப்போச்சு அண்ணாச்சி" என்று பஞ்சர் கடையில் அந்த ஐந்தைத் திறந்துவிட்டால் மறுநாள் விடியலில் 27தான் மிஞ்சும்.

கோடையில் டயர் வெடிப்பது பெரும்பாலும் காத்து குறைந்துதான். காத்து குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில் பிறக்கும் சூட்டில், ரப்பருக்கும் உள்ளே ஓடும் இழைக்கும் இடையிலான ஒட்டு விட்டுப்போகும். தார் கொதிக்கிற நேரத்தில் நாலு பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏற்றி நூறில் விரட்டினால் கேட்கவே வேண்டாம்.

சரியான அளவு, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயர்மேல் 'மேக்ஸ்' என்று அச்சடித்த எண் டயர் தாங்கும் உச்சம். அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. நைட்ரஜனும் சூட்டில் ஏறக்குறைய அதே அளவு விரியும். மெதுவாகக் கசியும் என்பது மட்டும்தான் லாபம்.

ஏப்ரல் 18

டயருக்கு வயசு உண்டு. பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம் 2319 என்றால், அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. வாசலில் வெயில் காய்ந்தே நிற்கும் காருக்குப் பட்டன், அதாவது தரையில் படும் வரிக்கட்டை, தேய்ந்திருக்காது. ஆனால் பக்கச்சுவரை விரலால் அழுத்தி விரித்தால் மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். அப்படித் திறந்தால் பட்டனைப் பார்த்து ஏமாற வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் இதே கண்ணோடு பாருங்கள்.

ஏப்ரல் 26

ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் குடத்தின் உள்விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டருக்குள்ளும் படிகிறது. குழாய் ஒடுங்கும், சூடு வெளியேறாது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்பது என்றால் அப்படியே ஊற்றலாம். டப்பாவில் 'மின்', 'மேக்ஸ்' கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும், அதுவும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ரேடியேட்டர் ஹோஸைப் பிதுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தாலோ, கிளிப் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மே 4

இன்று கத்திரி தொடக்கம். சூட்டு முள் நடுவை விட்டு ஏறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் திருப்பி, கண்ணாடிகளை இறக்குங்கள். உள்ளே வேகும்தான், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். அப்படியும் இறங்கவில்லையென்றால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்துக்கு நேரே பீச்சும். அரை மணி நேரத்துக்கு மேல் பொறுத்து, மூடியில் வெறுங்கை தாங்கிய பிறகு, துணி போட்டு மெல்லத் திருகுங்கள். கொதிக்கும் எஞ்சினில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடலாம்.

நிற்கும்போது முக்கோணப் பலகையை 50 மீட்டர் பின்னால் வைத்துவிட்டு, ஆட்கள் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். நிழலுக்காக வண்டிக்குள்ளேயே உட்காருவதும் பின்னால் ஒண்டி நிற்பதும்தான் ஆபத்து. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

மே 9

டேங்கை நிரப்பினால் வெயிலில் வெடிக்கும் என்ற வாட்ஸ்அப் செய்தி இந்த வருஷமும் வந்துவிட்டது. வெடிக்காது. பயப்பட வேண்டியது டேஷ்போர்டில் கிடக்கும் லைட்டருக்கும் சென்ட் பாட்டிலுக்கும்.

மே 13

கிராமத்துச் சாலைகளில் உளுந்தஞ்செடியும் எள்ளுச்செடியும் பரப்பிக் கிடக்கின்றன. காய் உடைத்துக்கொள்ள நம் சக்கரம் விவசாயிகளுக்கு இலவசக் களம். குற்றம் சொல்ல மனசு வரவில்லை, களத்துக்கு இடமில்லாதவர்கள். ஆனால் பைக் அதில் பிரேக் பிடித்தால் வழுக்கும். காரின் அடியிலோ, காய்ந்த கொடி ஆக்ஸிலில் சுற்றி, கொதிக்கும் சைலன்ஸரில் உரசிப் புகையும். சுற்றிப் போக வழியில்லையென்றால் மெதுவாக, நிற்காமல் கடந்து, தாண்டியதும் இறங்கிக் குனிந்து பாருங்கள். சிக்கியதை எஞ்சினை நிறுத்திவிட்டு இழுக்க வேண்டும்.

மே 20

கோடை மழை. முதல் பத்து நிமிஷம்தான் மோசம்: மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு குழைந்து சோப்பு மாதிரி நிற்கும். அது கழுவிப் போகும்வரை டீக்கடையில் ஒதுங்கலாம்.

கங்கைகொண்டான் பக்கம் விடியலிலும் அந்தியிலும் தண்ணீர் தேடி வரும் புள்ளிமான் சாலையில் குறுக்கிடலாம். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மே 29

வெக்கை தணிந்தது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று திறந்துவிட்டது. காற்றாலை றெக்கைகள் விறுவிறுவென்று சுற்றினால் இருசக்கர வண்டிக்காரர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

காவல்கிணற்றிலிருந்து பணகுடி நோக்கி வரும்போது காற்று இடப்பக்கம். அதற்கு எதிராக வண்டியை இடப்பக்கம் சாய்த்துத்தான் ஓட்டுவோம். லாரியை முந்தும்போது அதன் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று அறுந்து, சாய்ந்த வண்டி லாரிப் பக்கமே இழுக்கும். லாரியின் மூக்கைத் தாண்டியதும் காற்று மறுபடி அறைந்து நடுத்திட்டுப் பக்கம் தள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். முழங்காலால் டேங்கைக் கவ்வி, கையைத் தளர்த்தி, லாரிக்கும் நமக்கும் ஒன்றரை மீட்டராவது விட்டு முந்துங்கள். பின்னால் சேலையோடு ஒருபக்கமாக ஒருவர் உட்கார்ந்திருந்தால் முந்தவே வேண்டாம்.