கண்ணாடி அறையில் டியூட்டர் வேலை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் புள்ளியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, அங்கே விளையாட்டு வீரர்களுக்கென்றே இருந்த பாட உதவி மையத்தில் பகுதிநேர டியூட்டர் வேலை பார்த்தேன். என்னைப் போல எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்கள் செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. என்னிடம் படிக்க வந்த வீரர்களுக்கும் சீசனில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. விதி வைத்திருக்கிறது. என்னுடைய 20 மணி நேரத்தை நிமிடக் கணக்காகப் பார்த்தார்கள். அவர்கள் கணக்கு வேறு மாதிரி. மேட்ச் நாள் விடிகாலையில் தொடங்கி இரவு வரை இழுத்தாலும் மூன்று மணி நேரம் என்றுதான் பதிவாகும். பஸ்ஸிலும் விமானத்திலும் போகிற நேரம் கணக்கில் வராது. அடிபட்ட முட்டிக்கு ஐஸ் வைத்துப் படுத்திருக்கும் நேரமும் வராது. 'தானாக விரும்பி' ஜிம்முக்குப் போனால் அதுவும் வராது. விரும்பாதவனுக்கு அடுத்த மேட்ச்சில் இடம் இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

வேலையில் சேர்ந்ததும் கொடுத்த பயிற்சியில், எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது கால்வாசிகூட இல்லை. மீதியெல்லாம் எதைச் செய்யக் கூடாது என்பதுதான். மாணவனின் கீபோர்டைத் தொடாதே. அவன் பேப்பரில் உன் பேனா படக் கூடாது. கட்டுரையில் ஒரு கமா தப்பாக இருந்தாலும் திருத்தாதே, சத்தமாக வாசிக்கச் சொல், அவனே கண்டுபிடிக்கட்டும். போன் நம்பர் கொடுக்காதே. காபி வாங்கித் தராதே. மையத்துக்கு வெளியே பாடம் நடத்தாதே. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் என்ன நடந்தது என்று சிஸ்டத்தில் குறிப்பு ஏற்று. அறைகளுக்கெல்லாம் கண்ணாடிச் சுவர். நடைபாதையில் போகிறவர் எவரும் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம்.

முதலில் இதெல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. மினசோட்டா கதை தெரிந்த பிறகு அப்படித் தோன்றவில்லை. 1999-இல் ஒரு உள்ளூர்ப் பத்திரிகை அதை வெளிக்கொண்டு வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பாட ஆலோசனைப் பிரிவில் ஆபீஸ் மேனேஜராக இருந்த ஒரு பெண், ஐந்தாண்டுகளில் சுமார் 20 பாஸ்கட்பால் வீரர்களுக்காக 400 அசைன்மென்ட்கள் வரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அணி 1997-இல் தேசிய அரையிறுதிவரை போயிருந்தது. அந்தச் சாதனையே ஏடுகளிலிருந்து அழிக்கப்பட்டது. கோச் 15 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு வெளியேறினார். அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பின்னர் உத்தரவானது வேறு கதை. எங்கள் கையேட்டில் இருந்த ஒவ்வொரு 'கூடாது'க்குப் பின்னாலும் இப்படி ஏதோ ஒரு கல்லூரி மானம் போன கதை இருக்கும் என்று மையத்துப் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

என்னிடம் வந்தவர்களில் இரண்டாம் ஆண்டு ஃபுட்பால் பையன் ஒருவனை மறக்க முடியாது (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்). காலை ஐந்தரைக்கு வெயிட் ரூம், பிறகு வகுப்புகள், பிற்பகல் பயிற்சி, இரவு உணவு, அதற்கப்புறம் என் அறை. உட்கார்ந்ததும் கண் செருகும். திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, என்று ஆரம்பித்தாலே தலை தொங்கிவிடும். ஒருநாள் இரண்டு ஆட்டக்காரர்களின் ஓட்டக் கணக்கை எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒருவன் நான்கு தடவை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி 4, 4, 5, 3 கஜம் எடுக்கிறான். இன்னொருவன் 0, 0, மைனஸ் 1, கடைசியில் 17. இருவருக்கும் சராசரி நான்கு கஜம்தான். "ஒரே ஒரு கஜம் வேணும், ஆட்டம் முடியப் போகுது. யாரை அனுப்புவே?" முதலாமவன் பெயரை நான் முடிப்பதற்குள் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு அவன் கொடுத்த விளக்கம் பாடப்புத்தகத்தில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. விளையாட்டுப் பையன்களுக்குப் படிப்பு ஏறாது என்று பேராசிரியர்கள் சிலர் பேசும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

அதே பையன் சில வாரம் கழித்து ஆன்லைன் ஹோம்வொர்க்கைத் திறந்து காட்டினான். கருதுகோள் சோதனை, எல்லாக் கணக்கும் சரி. ஒன்றை மட்டும் விளக்கச் சொன்னேன். அந்தச் சோதனைக்கே அடிப்படையான பி-மதிப்பு என்ற சொல்லே அவனுக்குப் புதிதாக இருந்தது. அப்போதுதான் திரையின் ஓரத்தில் சமர்ப்பித்த நேரத்தைக் கவனித்தேன். சனிக்கிழமை பிற்பகல். அந்த நேரத்தில் அவன் வேறொரு மாநிலத்து மைதானத்தில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தான். நானே டிவியில் பார்த்தேன். என் கண் போன இடத்தை அவனும் பார்த்துவிட்டான். "இதை நீங்க எழுதித்தான் ஆகணுமா?" என்று மட்டும் கேட்டான்.

எழுதினேன். குறிப்பு மேற்பார்வையாளருக்குப் போய், அங்கிருந்து விதிமீறல்களைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீஸுக்கும் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் போனது. அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. மாணவர் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்ற 1974-ஆம் ஆண்டு சட்டத்தின்படி டியூட்டரும் வெளியாள்தான். என் டைம்டேபிளில் அவன் பெயர் இருந்த இடத்தில் ஒரு நீச்சல் வீராங்கனையின் பெயர் வந்தது, அவ்வளவுதான்.

அவன் சோம்பேறி என்று நான் நினைக்கவில்லை. மையத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய ஒரே சொல் 'எலிஜிபிலிட்டி', அதாவது ஆடத் தகுதி. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும், நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80. இவன் பாஸானானா என்பது இவனோடு நிற்பதும் இல்லை. ஒவ்வொரு ஸ்காலர்ஷிப் வீரனும் அணிக்குச் செமஸ்டருக்கு இரண்டு புள்ளி வரை சேர்க்கலாம், கல்லூரியில் நீடித்தால் ஒன்று, தகுதியோடு இருந்தால் ஒன்று. அணியின் மொத்தத்தை ஆயிரத்துக்கு மாற்றுவார்கள். அணியின் நான்காண்டுச் சராசரி 930-க்குக் கீழே போனால் சீசன் முடிவுப் போட்டிகளுக்கே வழி அடைபடும். படிப்பைக் காப்பாற்றத்தான் இந்த விதிகளைக் கொண்டுவந்தார்கள். நடந்தது என்னவென்றால், இரண்டாம் ஆண்டில் இன்ஜினியரிங்குக்கு மாற ஆசைப்படும் பையனை, "இதுவரை எடுத்த பாடம் எதுவும் அங்கே சேராது, சதவீதம் விழுந்துடும்" என்று ஆலோசகர் உட்காரவைத்துப் புரியவைக்கிறார். தனக்கு வேண்டாத பாடத்தில் உட்கார்ந்திருப்பவன் ஹோம்வொர்க்கை வேறு யாரிடமாவது தள்ளிவிடுவதில் ஆச்சரியம் என்ன?

கல்லூரிகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது. மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஒரு டியூட்டர், 12 வீரர்களுக்குப் பாட வேலைகளைச் செய்து கொடுத்ததாக 2016-இல் தானே முன்வந்து ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகமும் விசாரணைக்கு ஒத்துழைத்தது. 2019 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. தீர்ப்பு வந்தது. ஃபுட்பால், பேஸ்பால், சாஃப்ட்பால் மூன்றுக்கும் ஓராண்டு சீசன் முடிவுப் போட்டிகள் கிடையாது. அந்த டியூட்டரைக் கல்லூரி விளையாட்டுப் பக்கம் யாரும் எளிதில் சேர்க்க முடியாதபடி பத்தாண்டு உத்தரவு.

வட கரோலைனாவின் சாப்பல் ஹில்லில் நடந்தது இதைவிடப் பல மடங்கு பெரியது. 1993 முதல் 2011 வரை, பதினெட்டு ஆண்டுகள், வகுப்பே நடக்காத 'காகித வகுப்புகள்'. கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும், துறை அலுவலகத்தில் இருந்த ஊழியரே மதிப்பெண் போட்டுவிடுவார். 2014-இல் வந்த விசாரணை அறிக்கைப்படி 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இப்படிப் பயனடைந்தார்கள், அந்தச் சேர்க்கைகளில் ஏறக்குறைய பாதி விளையாட்டு வீரர்களுடையவை. 2017 அக்டோபரில் என்.சி.ஏ.ஏ. கை விரித்தது. அந்த வகுப்புகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, அவை செல்லும் என்று பல்கலைக்கழகமே சொல்கிறது, ஆகவே எங்கள் விதி மீறப்பட்டதாக நிறுவ முடியவில்லை என்றார்கள். தரச்சான்று அமைப்புக்கு எழுதிய கடிதத்தில் இதே பல்கலைக்கழகம் 'கல்வி மோசடி' என்று எழுதியிருந்ததே என்று கேட்டபோது, அது தட்டச்சுப் பிழை என்று பதில் வந்தது. நான் டியூட்டராக இருந்து இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால் அன்று மாலையே அடையாள அட்டையைப் பிடுங்கியிருப்பார்கள்.

ஒப்புக்கொண்டவர் மாட்டுகிறார், மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் மாட்டுகிறார். ஒரு துறையே சேர்ந்து செய்தால் அது பாடத்திட்டம் ஆகிவிடுகிறது. எதிர்த்துப் பேசியவர்களும் சுலபமாகத் தப்பவில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஜான் கெம்ப், ஃபுட்பால் வீரர்களுக்குக் காட்டிய சலுகையைக் கண்டித்ததற்காக வேலையிழந்தார். 1986-இல் நீதிமன்றம் போய்த்தான் நியாயம் பெற்றார்.

நான் விட்டு வந்த பிறகு சாட்ஜிபிடி வந்துவிட்டது. கண்ணாடிச் சுவருக்கு அது தெரியாது. இன்னும் இருபது 'கூடாது'களைக் கையேட்டில் சேர்ப்பார்கள், சேர்க்கட்டும். எனக்குத் தெரிந்து உருப்படியான மாற்றம் ஒன்றுதான். என் சம்பளம் விளையாட்டுத் துறையின் பட்ஜெட்டிலிருந்து வந்தது, என் மேற்பார்வையாளரின் சம்பளமும் அப்படியே. பாட உதவி மையத்தை அங்கிருந்து பிரித்துக் கல்விப் பக்கத்து நிர்வாகத்தின் கீழ் கொண்டுபோக வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் செய்தும் விட்டன. மற்ற இடங்களில், ஒரு வீரன் ஹோம்வொர்க்கை யாரிடமோ கொடுத்துச் செய்துவாங்கினான் என்று மையம் எழுதும் குறிப்பு, சனிக்கிழமை அவன் ஆடியே ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்களின் மேசைக்குத்தான் முதலில் போகிறது.