வேர்நுனியைத் தாண்டி விழும் துகளை எடைபோட்ட அனுபவம்

பல்லுக்கு ரூட் கேனல் சிகிச்சை செய்த அன்று இரவே சிலருக்கு வீங்கி, வலி எகிறிவிடும். பல்வேருக்குள் ஓடும் வேர்க்குழாயைச் சுரண்டும்போது வரும் பல்தூளும் செத்த சதையும் கிருமிகளும் வேர்நுனிக்கு வெளியே தள்ளப்படுவது அதற்கு ஒரு காரணம். கழுவும் திரவத்தை மாற்றினால் இது குறையுமா என்பதைத்தான் மேற்படிப்பில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

முறை 1991இல் மையர்ஸ், மான்ட்காமரி என்ற ஆய்வாளர்கள் வகுத்தது. பிடுங்கிய பல்லை ரப்பர் மூடியில் செருகி, வேர்நுனி மட்டும் குப்பிக்குள் தொங்கும்படி வைக்க வேண்டும். வெறும் குப்பியின் எடையை முன்பே எடுத்துவிட வேண்டும். சுரண்டிக் கழுவி முடித்ததும் நுனியில் ஒட்டியிருப்பதையும் குப்பிக்குள்ளேயே இறக்கி, இன்குபேட்டர் என்ற சூட்டுப்பெட்டியில் நீர் வற்றும்வரை வைத்து மறுபடி எடை. கூடியிருப்பதுதான் துகள். அது பெரும்பாலும் ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. விரல் பட்டாலே கணக்கு மாறும் என்பதால் குப்பியை இடுக்கியால்தான் எடுப்பேன்.

முதலில் பல்லே இல்லாமல் வழக்கமான கழுவும் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டை மட்டும் ஊற்றிக் காயவைத்துப் பார்த்தேன். அடியில் வெள்ளைப் படிகம்! அது உப்பு. துகளின் எடையை அது அப்படியே விழுங்கிவிடும். பலர் இந்தச் சோதனைக்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துவது இதனால்தான். ஆனால் அந்த நீர் சதையைக் கரைக்காது, கிருமியைக் கொல்லாது. எனக்குத் திரவங்களையே ஒப்பிட வேண்டியிருந்தது. அதனால் காயவைக்கும் முன் ஈரக் குப்பியையும் எடைபோட்டேன். எவ்வளவு திரவம் இறங்கியது என்று தெரிந்தால், அதற்குரிய உப்பைக் கழித்துவிடலாம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் வரும் எண்ணை நான் நம்பமாட்டேன்.

எந்தத் திரவத்திலும் துகள் விழாத குப்பி கிடைக்கவில்லை. இன்னொன்று, குப்பிக்குள் இருப்பது வெறும் காற்று. வாயில் வேர்நுனியைச் சுற்றியுள்ள திசு எதிர்த்து நிற்கும். அதனால் இந்த எடையை நோயாளிக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

இப்போது சிகிச்சையில் சதையைக் கரைக்க ஹைப்போகுளோரைட், சுரண்டும்போது குழாய்ச் சுவரில் படியும் தூள் படலமான ஸ்மியர் லேயரை எடுக்க 17% ஈடிடிஏ கரைசல். கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் தேவைப்பட்டால் நடுவில் நீரால் நன்றாக அலசிவிடுவேன். ஹைப்போகுளோரைட்டோடு கலந்தால் பழுப்பாகத் திரிந்து குழாயில் படிந்துவிடும். பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை, குழாயில் இறுகாதபடி, நுனிக்கு 1–2 மி.மீ. முன்பே நிறுத்துகிறேன். அப்புறம், சிரிஞ்சைக் கட்டைவிரலால் அழுத்துவதில்லை. ஆள்காட்டி விரல் போதும், வேகம் தானே குறையும்.