வாணலியில் ஒரு பாந்தியன்: ரோமானியக் காரை செய்து பார்த்த அனுபவம்

பாட்டி வீட்டை இடித்தபோது நாட்டு ஓட்டுச் சில்லுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. லாரி வருவதற்குள் நான்கு சாக்கு நிறைய அள்ளி எங்கள் மொட்டை மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். "குப்பைய காசு குடுத்து ஆட்டோவுல ஏத்திட்டு வர்ற ஒரே ஆளு நீதான்டா" என்றாள் அம்மா. நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு அது ரோமானியக் காங்கிரீட்டுக்கான மூலப்பொருள்.

ஆசை பாந்தியனில் தொடங்கியது. ரோம் நகரில் ஹாட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 126 வாக்கில் கட்டி முடித்த கோயில் அது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர். உள்ளே ஒரு கம்பி கிடையாது. கம்பி போடாத காங்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை அதுதான் உலகிலேயே பெரியது. எங்கள் தெருவிலோ முப்பது வருடத்துக்கு முன்னால் போட்ட தளங்களில் கம்பி எட்டிப் பார்க்கிறது. கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் காங்கிரீட்டைப் பிளக்கும். ரோமானியக் காரைக்கு அந்த நோயே இல்லை.

சரி, நாமும் ஒன்று செய்து பார்ப்போமே என்று பொங்கல் முடிந்த கையோடு இறங்கினேன்.

செய்முறைக்கு அலைய வேண்டியதில்லை. அகஸ்டஸ் காலத்துக் கட்டடக்காரர் விட்ருவியஸ் கட்டடக்கலை பற்றி 10 புத்தகங்கள் எழுதியிருக்கிறார். இரண்டாவதில் அளவெல்லாம் வருகிறது. தோண்டியெடுத்த மணல் என்றால் 3 பங்குக்கு 1 பங்கு சுண்ணாம்பு. ஆற்று மணலோ கடல் மணலோ என்றால் 2 பங்குக்கு 1. அதில் சுட்ட ஓட்டை இடித்துச் சலித்து மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் சாந்து இன்னும் மேலாக அமையும் என்கிறார். வெசுவியஸ் எரிமலைப் பக்கத்து மண்ணைச் சேர்த்தால் தண்ணீருக்குள்ளேயே இறுகும் என்பதையும் சொல்கிறார். எரிமலை மண்ணுக்கு நான் எங்கே போவது? அதனால்தான் பாட்டி வீட்டு ஓடு.

முதல் முயற்சி படு தோல்வி. வெள்ளையடிக்க விற்கும் சுண்ணாம்புத் தூளை ஒரு கடையில் வாங்கினேன். மூட்டை எத்தனை காலம் அங்கே கிடந்ததோ, காற்றுப் பட்டுப் பட்டு பாதி ஏற்கெனவே கல்லுக்குத் திரும்பிவிட்டிருந்தது. அதில் வார்த்த கட்டியை மூன்று வாரம் கழித்து விரலால் நிமிண்டினேன். பொரிவிளங்காய் உருண்டை எவ்வளவோ தேவலை.

அப்புறம் விசாரித்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு காளவாசலுக்குப் போய், சுட்டு இரண்டு நாளே ஆன கல் சுண்ணாம்பு இருபது கிலோ வாங்கி வந்தேன். காளவாசலைப் பார்த்ததும் காட்டோ நினைவுக்கு வந்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய அவர், சுண்ணாம்புச் சூளைக்கும் அளவு கொடுத்திருக்கிறார்: உயரம் 20 அடி, அகலம் 10 அடி, மேலே போகப் போகக் குறுகி 3 அடி. நான் பார்த்தது அதைவிடக் குட்டை. ஆனால் வடிவம் கிட்டத்தட்ட அதுவேதான்.

சுண்ணாம்பை நீற்றும்போது ஒரு தப்புச் செய்தேன். கைக்குக் கிடைத்த பழைய அலுமினிய அண்டாவில் கல்லைப் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். சுண்ணாம்பு கொதிப்பது இயல்பு. அண்டாவும் சேர்ந்து நுரைத்ததுதான் வினோதம். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும், அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பது பிறகுதான் உறைத்தது. அண்டா கறுத்துப் புள்ளி விழுந்துபோனது. "அதுல எத்தன வருசம் தண்ணி புடிச்சேன் தெரியுமா" என்று அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். செய்து பார்க்கிறவர்கள் இரும்புச் சட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, கையுறை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் பார்வையே போய்விடும்.

நீற்றிய சுண்ணாம்பு பதத்துக்கு வந்ததா என்று பார்க்கவும் விட்ருவியஸிடம் வழி இருக்கிறது. மண்வெட்டியால் கொத்த வேண்டும். கட்டி தட்டுப்பட்டால் இன்னும் நீறவில்லை. இரும்பு ஒட்டாமல் சுத்தமாக வெளியே வந்தால் சத்தில்லாத சுண்ணாம்பு. பசைபோல ஒட்டிக்கொண்டு வந்தால் சரியான பதம். என் கரணையில் பத்தாவது நாள்தான் வெண்ணெய்போல ஒட்டியது.

மணலுக்கு அவர் சொல்லும் சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. கையில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று கேட்க வேண்டும். வெள்ளைத் துணியில் போட்டு உதறினால் கறை விழக்கூடாது. பழைய வேட்டி ஒன்றை எடுத்து எம்-சாண்டைக் கொட்டி உதறினேன். வேட்டி சாம்பல் நிறமானது. தோற்றுப்போன எம்-சாண்டை நான்கு தண்ணீரில் அலசிக் காயவைத்து மறுபடி உதறியபோது ஓரளவு தேறியது. ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய தரச் சோதனையை ஒரு நாலு முழ வேட்டியில் முடித்துவிடலாம் என்பதில் எனக்கு ஒரே குஷி.

ஓட்டை இடிப்பதுதான் உயிரை வாங்கியது. உரலில் இடித்து, ரவைச் சல்லடையில் ஒரு தரம், மைதா சல்லடையில் ஒரு தரம். எவ்வளவு மாவாக இருக்கிறதோ அவ்வளவுக்குச் சுண்ணாம்போடு சேரும். ஒரு சாக்குச் சில்லு மாவாவதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் இடித்தேன்.

பிறகு தயிர் கப்புகளில் மூன்று விதமாக வார்த்தேன். ஒன்று சுண்ணாம்பும் மணலும் மட்டும். இரண்டாவதில் மணலில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஓட்டு மாவு. மூன்றாவதில் மணலே இல்லை, 2 பங்கு ஓட்டு மாவுக்கு 1 பங்கு சுண்ணாம்பு. துறைமுகம் கட்ட எரிமலை மண்ணுக்கு விட்ருவியஸ் சொன்ன விகிதம் அது. ஈரச் சாக்குப் போட்டு மூடிவைத்து, ஒரு மாதம் கழித்து மூன்றையும் வாளித் தண்ணீரில் முக்கினேன்.

மறுநாளே முதல் கட்டியின் ஓரம் கரைந்து வாளி பால்போல ஆகிவிட்டது. வெறும் சுண்ணாம்பு கல்லாக வேண்டுமென்றால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்தாக வேண்டும். தண்ணீருக்கு அடியில் அதற்கு வழியில்லை. எரிமலைச் சாம்பலிலும் சுட்ட களிமண்ணிலும் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு கூடினால் காற்றின் தயவு தேவையில்லை, தண்ணீரை வைத்தே இறுகிவிடும். மூன்றாவது கட்டி வாளிக்குள் கிடந்தே கெட்டியானது. ஆறு வாரம் கழித்து எடுத்து ஆணியால் கீறியபோது ஆணிதான் வழுக்கியது. புட்டியோலி ஊர் மண் கடலில் பட்டதும் ஒரே கல்லாகி நாளுக்கு நாள் வலுக்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருப்பதைப் படித்தபோது கொஞ்சம் மிகை என்றுதான் நினைத்தேன். வாளியைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

அந்தப் புட்டியோலிதான் இன்றைய பொசுவோலி. இப்படிச் சுண்ணாம்போடு கூடித் தண்ணீரில் இறுகும் பொருளுக்கு அங்கிருந்து வந்த பெயர்தான் பொசோலானா. நம் ஊர்க் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பிபிசி சிமென்ட் மூட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள், போர்ட்லேண்ட் பொசோலானா சிமென்ட் என்று இருக்கும். எரிமலைச் சாம்பலுக்குப் பதில் அனல் மின் நிலையத்துச் சாம்பல், அவ்வளவுதான். சிமென்ட் என்ற சொல்லே லத்தீனில் உடைகல்லைக் குறித்த கேமெண்டும் என்பதிலிருந்து வந்தது. போர்ட்லேண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை வாங்குவதற்கு முன்னால் நீரில் இறுகும் காரை வேண்டுமென்றால் பலருக்கும் இந்த வழிதான். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரைதான். சுர்க்கி என்றால் இடித்த செங்கல் தூள். ஆக, என் உரலில் நடந்தது நம் பக்கத்துக்கும் புதிதில்லை.

கட்டிகளின் வெற்றியில் தலைகால் புரியாமல் குவிமாடத்துக்குத் தாவினேன். கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையில் 43 சென்டிமீட்டர் வாணலி ஒன்று கிடைத்தது. பாந்தியனுக்குச் சரியாக நூறில் ஒன்று! கவிழ்த்துப் போட்டால் கிட்டத்தட்ட அரைக்கோளம். பாந்தியனின் குவிமாடம் அடியில் 6.4 மீட்டர் கனம், உச்சித் துளையோரம் 1.2 மீட்டர். எனக்கு அது 6.4 சென்டிமீட்டரும் 1.2 சென்டிமீட்டரும். உடைத்துப் போடும் கல்லும் மேலே போகப் போக லேசாகும்: கீழே டிராவர்டைன் என்ற கனமான சுண்ணாம்புக்கல், நடுவில் டஃப் என்ற எரிமலைக் கல்லும் செங்கல்லும், உச்சியில் நுரைக்கல். நான் கீழே செங்கல் ஜல்லியும், நடுவில் ஓட்டுச் சில்லும், மேலே குதிகால் தேய்க்கும் நுரைக்கல்லை உடைத்தும் போட்டேன்.

கலவை வழிந்தது. மேலே வைக்க வைக்க, ஓரமாகச் சரிந்து மாடியெல்லாம் ஓடியது. அடுத்த தெருவில் ஒரு பெரிய மேஸ்திரி இருக்கிறார். மெட்ராஸ் டெரஸ் தளங்களுக்குச் சுண்ணாம்புக் காரை போட்டுப் பழகிய கை. கூட்டிவந்து காட்டினேன். சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பாயசம் கிண்டி வச்சிருக்கீங்க" என்றார். கொஞ்சம் ஓட்டு மாவையும் சுண்ணாம்பையும் எடுத்துத் தண்ணீரைத் தெளித்துப் பிசைந்து, கொழுக்கட்டைபோலப் பிடித்துக் காட்டினார். உருண்டை நின்றது, உள்ளங்கையில் ஈரம் ஒட்டவில்லை. "இத ஊத்தக் கூடாது. வச்சு, கட்டையால அடிக்கணும். அடி வாங்க வாங்க அதுவே ஈரத்தக் கக்கும்."

அப்போதுதான் ஒன்று உறைத்தது. விட்ருவியஸ் சுண்ணாம்புக்கும் மணலுக்கும் ஓட்டுக்கும் அளவு தருகிறார், தண்ணீருக்கு எங்கேயும் தரவில்லை. படிக்கும்போது அது ஒரு குறையாகக்கூடத் தோன்றவில்லை. ரோமானியர்கள் நாம் இப்போது செய்வதுபோலக் காங்கிரீட்டை ஊற்றவில்லை. கெட்டிச் சாந்தை ஒரு வரிசை பரப்பி, உடைகல்லைக் கையால் பதித்து, இடித்து, மறுபடி ஒரு வரிசை என்று ஏற்றினார்கள். இதையும் படித்திருந்தேன். படித்ததையும் சட்டியில் இருந்த பாயசத்தையும் முடிச்சுப்போட மேஸ்திரி வர வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை கெட்டியாகப் பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் தட்டித் தட்டி அரை நாளில் ஏற்றி முடித்தேன். வாணலிக்கு எண்ணெய் தடவி அதன்மேல் வாழை இலை போட்டது மேஸ்திரியின் யோசனை. உச்சியில் துளைக்கு ஒரு டம்ளர். ஈரச் சாக்கு, காலையும் மாலையும் தண்ணீர். நாற்பத்தைந்து நாள் வாணலிக்கு வாடகை கொடுத்தேன். அந்தக் காசுக்குப் புது வாணலியே வாங்கியிருக்கலாம்.

கழற்றியபோது குவிமாடம் நின்றது. எடை பதினெட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அடியோரத்திலிருந்து மேல்நோக்கி நான்கு விரிசல்கள் ஓடியிருந்தன. மனசு உடைந்துதான் போனது. பிறகு பாந்தியனைப் பற்றித் தேடினால், அங்கேயும் அடியிலிருந்து உச்சிநோக்கி ஓடும் விரிசல்கள் இருக்கின்றன. அடியோரம் வெளியே தள்ளப்படுவதால் அங்கே அந்தத் திசையில் விடும். கீழே அவ்வளவு கனம் வைத்தது அந்தத் தள்ளலைத் தாங்கத்தான். என்னுடையது காயும்போது சுருங்கியதால் விட்ட விரிசல் என்பதுதான் என் கணிப்பு. இருந்தாலும் பார்க்க வருகிறவர்களிடம் அதை நான் சொல்வதில்லை.

விரிசல் என்றதும் இன்னொரு சோதனையும் செய்தேன். அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த அட்மிர் மாசிக் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ரோமுக்குத் தெற்கே பிரிவெர்னும் ஊர்ச் சுவரின் காரையில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்த சுண்ணாம்புக் கட்டிகளை ஆராய்ந்து, அவை சரியாகக் கலக்காததால் வந்தவை அல்ல, நீறாத சுண்ணாம்பையே சூடாகக் கலந்ததன் அடையாளம் என்று சொன்னார்கள். விரிசலில் தண்ணீர் இறங்கும்போது அந்தக் கட்டிகள் கரைந்து விரிசலை அடைக்கும். அவர்கள் அப்படிச் செய்த காங்கிரீட்டை உடைத்துத் தண்ணீர் விட்டபோது இரண்டு வாரத்தில் ஒழுகல் நின்றிருக்கிறது. நானும் கல் சுண்ணாம்பை உடைத்து ஓட்டு மாவோடு உலர்ந்தபடியே கலந்து தண்ணீர் தெளித்தேன். சட்டி ஆவி விட்டது, தயிர் கப் நெளிந்துபோனது. இறுகிய இரண்டு கட்டிகளை உடைத்து, மயிரிழை இடைவெளி விட்டுக் கட்டி, சலைன் குழாயில் சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஐந்து வாரத்தில் ஒன்றில் வெள்ளைக் கோடு படிந்து அடைத்துக்கொண்டது. இன்னொன்று இன்றுவரை ஒழுகுகிறது.

இப்போது குவிமாடம் மாடியில் கிடக்கிறது. மழை பெய்தால் உச்சித் துளை வழியாக உள்ளே சொட்டுகிறது. பாந்தியனிலும் அப்படித்தான் என்று அம்மாவிடம் சொன்னேன், தரையில் அதற்காகவே வடிகால் துளைகள் உண்டு என்றும் சொன்னேன். "அப்ப அவங்க வீட்டுலயும் மாடி பாசி புடிச்சிருக்கும்" என்றாள்.

மீதிச் சுண்ணாம்பு ஒரு நீல டிரம்மில் தண்ணீருக்கடியில் ஊறுகிறது. பழங்காலக் கட்டட விதிகளில், மூன்று வருடம் ஆகாத சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாது என்று இருந்ததாகப் பிளினி எழுதியிருக்கிறார். மூடியில் தேதி எழுதி ஒட்டிவிட்டேன். ஆடி முடிவதற்குள் அந்த டிரம்மைக் காலி பண்ணிக் கொடு, தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அண்டா விஷயம் இருப்பதால் என்னால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.