பலூன் விடுவதற்குள் பட்ட பாடு

ரேடியோசாண்ட் (பலூனில் கட்டி விட்டால், ஏற ஏற காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து அனுப்பும் சின்னக் கருவி) தரவை நம்பி ப்ராஜெக்டில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இரண்டு மாதம் வீணாய்ப் போனது, இன்னும் ஆறவில்லை.

கார் சாகுபடிக்குத் தாமிரபரணியில் தண்ணீர் விட்டதும் சேரன்மகாதேவி வயல்களெல்லாம் நனைந்து கிடக்கும். வடக்கே மானூர்ப் பக்கம் தரை வெடித்துக் கிடக்கும். ஈரத் தரையில் வெயில் ஆவியாக்குவதிலேயே செலவாகும், காய்ந்த தரை மேலே இருக்கும் காற்றைச் சுடவைக்கும். அப்படியானால் கலப்பு அடுக்கு, அதாவது தரைச் சூட்டில் காற்று மேலும் கீழுமாய்க் கலக்கும் அடிப்பகுதி, இரண்டு இடத்திலும் எவ்வளவு உயரம் எழும்புகிறது? இதுதான் என் கேள்வி.

வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் திருவனந்தபுரம் நிலையத்தின் (43371) தரவு இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று வருடக் கோப்புகளை இறக்கி, 12 மணி என்றிருந்ததை நடுப்பகல் என்று எடுத்துக்கொண்டேன். அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நமக்கு மாலை 5:30. மற்றது 00, அதாவது விடிகாலை 5:30. ஒன்றில் கலப்பு அடுக்கு இன்னும் எழவில்லை, மற்றதில் அடங்கத் தொடங்கிவிட்டது. நெறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் கேட்டார்: "மலைக்கு அந்தப் பக்கத்துக் காத்த வச்சு இந்தப் பக்கத்து வயலப் பத்தி எப்படிப்பா பேசுவ?" ஆனி ஆடியில் அங்கே மழை, இங்கே மலை இறங்கிய வறண்ட காற்று. எல்லாவற்றையும் ஒதுக்கினேன்.

துறையில் நாலு சாண்ட் மிச்சம் இருந்தது, ரிசீவர் ஒன்று. ஹீலியம் சிலிண்டர் சுலபமாகக் கிடைத்தது. அனுமதிக் கடிதத்தில்தான் மாட்டிக்கொண்டேன். நம் நேரம் காலை 11:30 என்பதைப் பழக்கதோஷத்தில் '06 யுடிசி' என்று போட்டுவிட்டேன். "தம்பி, ஆறு மணின்னா காலையிலயா சாயங்காலமா? மாத்தி எழுதிட்டு வாங்க" என்று எழுத்தர் திருப்பித் தந்தார். நேரத்தைச் சரியாக எழுதச் சொன்னது நியாயம். அங்கேயே திருத்தித் தருகிறேன் என்று கெஞ்சியும் கேட்காமல், துறைத்தலைவர் கையெழுத்தோடு புதுக் கடிதம்தான் வேண்டும் என்றதுதான் கஷ்டம். மறுபடி போனபோது கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பு. மொத்தம் நாலு நடை. கடிதத்தில் இந்திய நேரம், இடம், பலூன் எடை, எந்தப் பக்கம் நகரும் என்பது எல்லாம் இருக்கட்டும்.

முதல் சாண்ட் என் தவறால் போனது. வெயிலில் நின்ற காருக்குள் வைத்திருந்து, எடுத்த கையோடு விட்டேன். சென்சார் சூடு இறங்குவதற்குள் முதல் சில நூறு மீட்டர் போய்விட்டது. நமக்கு வேண்டியதே அந்த அடிப்பகுதிதான்! நிழலில், காற்றுப்படும்படி வைத்து, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரோடு ஒத்துப் பார்த்த பிறகே விடுங்கள்.

இன்னொன்று, பலூன் வினாடிக்கு 5 மீட்டர் ஏறும். 1,500 மீட்டர் ஏற 5 நிமிடம். காற்று வினாடிக்கு 10 மீட்டர் என்றால் அதற்குள் 3 கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிடும். மேற்கேயும் கிழக்கேயும் நெடுக வயல் இருக்கிற இடமாகத் தேடுங்கள்.

அடுத்தடுத்து இரண்டு தெளிந்த நாட்களில் 11:30-க்கு விட்டேன். தீட்டா என்பது உயரத்தால் வரும் அழுத்த மாற்றத்தைக் கழித்த வெப்பநிலை; கலப்பு அடுக்குக்குள் அது அநேகமாக மாறாது, அடுக்கு முடிகிற இடத்தில் கோடு மடங்கும். அந்தத் தீட்டா கோடு மானூரில் நெட்டுக்குத்தாக நெடுந்தூரம் போய் மடங்கியது, சேரன்மகாதேவியில் அதற்கு முன்பே மடங்கிவிட்டது. அதைத் திரையில் பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது. ஒரு ஜோடியை வைத்து முடிவு சொல்ல முடியாதுதான்.

மிச்சம் ஒரு சாண்ட் இருக்கிறது. நல்ல மழை பெய்த மறுநாள் அதே மானூரில் விட வேண்டும். கடிதத்தை இப்போதே எழுதிவிட்டேன், 'காலை 11:30' என்று.