மவுஸுக்கு ஒரு திசை, டச்பேடுக்கு ஒரு திசை

போன்ல விரலை மேல தள்ளுனா பக்கமும் கூடவே மேல போகுது, மேஜை மேல பேப்பரைத் தள்ளுற மாதிரி, அது சரி. லேப்டாப் டச்பேடும் எனக்கு அப்படித்தான் இருக்கணும், ரெண்டு விரல் வச்சு தள்றப்போ பக்கத்தையே தொடுற ஃபீல் வருது. ஆனா மவுஸ் வீல் வேற கதைங்க! வீலை நம்ம பக்கம் உருட்டுனா கீழ இருக்கறது வரணும், ஆள்காட்டி விரல் அப்படியே பழகிருச்சு, இனி மாத்த முடியாது. 2011ல மேக் கம்ப்யூட்டருக்கு லயன்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தப்போ ஆப்பிள் போன் முறையையே டீஃபால்ட் ஆக்குனாங்க, அதுல டச்பேடுக்கு மாத்துனா மவுஸும் சேர்ந்தே மாறும், தனித்தனியா வேணும்னா வேற ஆப் போடணும். லினக்ஸ்ல க்னோம்ங்கற டெஸ்க்டாப்போட செட்டிங்ஸ்ல ரெண்டுக்கும் தனி ஸ்விட்ச் இருக்கு. எல்லா கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான் இருக்கணும்ங்கறேன். உங்களுக்கு எப்படி, வீல் எந்தப் பக்கம்?