முதல் உலகப்போர் கேள்வியில் நான் மார்க் விட்ட இடம்

முதல் உலகப்போர் ஏன் வந்தது என்று கேட்டால் ராணுவ மோகம், கூட்டணி, ஏகாதிபத்தியம், தேசியவாதம் என்று நாலையும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். அரசுப் பணிக்கான முதன்மைத் தேர்வான மெயின்ஸுக்கு முந்தைய மாதிரித் தேர்வில் அப்படியே எழுதினேன், 15-க்கு 4 வந்தது. திருத்தியவர் ஓரத்தில் கிறுக்கியிருந்தது ஒரே வரிதான்: "இந்த நாலும் 1912-லும் இருந்தனவே, அப்போது ஏன் வரவில்லை?"

அந்த வரிதான் என் படிப்பையே மாற்றியது. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நாள்காட்டி போட்டேன். 1914 ஜூன் 28, போஸ்னியாவின் சரயேவோவில் 19 வயது செர்பியத் தேசியவாதி பிரின்சிப் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட நாள். ஆகஸ்ட் 4, பிரிட்டன் இறங்கிய நாள். இடையில் 37 நாள். ஒவ்வொரு தேதியிலும் "இங்கே யார் நிறுத்தியிருக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே போங்கள், பதில் தானாக வரும்.

1908-ல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது செர்பியாவுக்கு ஆதரவான ரஷ்யா பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தது, ஜப்பானிடம் வாங்கிய அடி ஆறவில்லை. 1912-ல் பால்கன் போர் வெடித்தபோது லண்டனில் தூதர்கள் கூடிப் பேசிச் சமாளித்தார்கள். 1914-ல் அப்படி இல்லை. ஜூலை 5-ல் ஜெர்மனி 'என்ன செய்தாலும் உன் பின்னால் நிற்கிறேன்' என்று ஆஸ்திரியாவுக்கு வெற்றுக் காசோலை நீட்டிவிட்டது, அந்தத் தைரியத்தில்தான் 23-ஆம் தேதி செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு போனது. செர்பியா பெரும்பாலானவற்றுக்குத் தலையாட்டியது, அதைப் படித்த ஜெர்மன் பேரரசர் கெய்சரே இனிப் போருக்குக் காரணமில்லை என்றுதான் நினைத்தார். ஆனால் அன்றைக்கே, 28-ஆம் தேதி, ஆஸ்திரியா போரை அறிவித்துவிட்டது.

தேசியவாதம் என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். செர்பியத் தேசியவாதம் பல இனங்கள் சேர்ந்திருந்த ஆஸ்திரியப் பேரரசைப் பிய்க்கப் பார்த்தது, பிரான்சின் கோபமோ 1871-ல் பறிபோன அல்சேஸ்-லொரைன் பற்றியது. இரண்டும் வேறு வேறு நோய்.

நான் செய்த பெரிய தப்பு கூட்டணியில். ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு 1882 முக்கூட்டணியில் இருந்ததால் இத்தாலி ஜெர்மனி பக்கம் போரிட்டது என்று எழுதித் தொலைத்தேன்! அது தற்காப்பு ஒப்பந்தம், தாக்கியது நீங்கள்தானே என்று இத்தாலி ஒதுங்கிக்கொண்டு, 1915-ல் எதிர்ப்பக்கமே சேர்ந்தது. பிரிட்டனும் பிரான்சும் 1904-ல் செய்துகொண்ட உடன்பாட்டில்கூட 'போருக்கு வருவேன்' என்ற வாக்குறுதி கிடையாது, பிரிட்டன் காரணம் காட்டியது பெல்ஜியத்தின் நடுநிலையைக் காக்கும் 1839 ஒப்பந்தத்தை. அப்புறம் ஜெர்மனியின் ஷ்லீஃபன் திட்டம். ரஷ்யா படை திரட்டி முடிப்பதற்குள் பெல்ஜியம் வழியாகப் புகுந்து பிரான்சை முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. சண்டை பால்கனில், படை போனது பெல்ஜியத்துக்கு. கூட்டணிக் காகிதத்தைவிட படையை ரயிலில் நேரத்துக்கு ஏற்றி அனுப்பும் இந்த ரயில் அட்டவணை அவசரம்தான் போரை இழுத்துவந்தது என்பது என் கட்சி, நீங்கள் மறுத்தும் எழுதலாம்.

நம் ஊர் ஆட்களுக்கு ஒன்று: சென்னையில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்ட கதையை எழுதக் கை துறுதுறுக்கும். அது செப்டம்பர் 22, காரணங்களில் வராது, விட்டுவிடுங்கள்.

செர்பியாவோடு சண்டைக்குப் போன ஆஸ்திரியா ரஷ்யா மீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 6-ல், ஜெர்மனி அறிவித்து ஐந்து நாள் கழித்து. அடுத்த மாதிரித் தேர்வில் இந்த வரியில்தான் பதிலைத் தொடங்கினேன். 9 வந்தது.